நதுரித் கண்டுபிடித்த விதி

ஞானசேகரனை நாலு பேர் பார்க்க மேடையில் வைத்தே கவிழ்க்க வேண்டும் என்று சங்கீதா முடிவு செய்தது, தன் உழைப்பை அவர் புத்தகமாகப் போட்டுக்கொண்டபோது அல்ல. அதைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். ஒரு குரல் செய்தியைக் கேட்ட அன்றுதான் அந்த முடிவு அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அப்புறம் அது எழுந்து போகவே இல்லை.

சங்கீதா சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். நாற்பது தாண்டியவள், மணவிலக்கு ஆனவள், பாசிர் ரிஸ்ஸில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில் தனியாக இருப்பவள். உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. சந்தைக்கு வரும் மீனில் என்ன கலந்திருக்கிறது, மிளகாய்த்தூளில் எவ்வளவு சாயம் என்று பார்த்துச் சொல்வது அவள் பிழைப்பு. வார நாட்களில் அவள் பேசுவது முக்கால்வாசி ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை, தமிழர் கூடும் கடைத்தெருவான தேக்காவுக்குப் போய்விட்டால் முழுக்கத் தமிழ்.

தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடி அறையில் ஓர் அறிவு மன்றம் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பல் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் வந்த இளைஞர்கள் பலருக்கு, ஊருக்குத் திரும்பி ஓர் அரசு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. அதற்கான போட்டித் தேர்வுக்கு அங்கே ஞாயிறுதோறும் வகுப்பு. வரலாறு ஒருவர் எடுப்பார், கணக்கு ஒருவர். பொது அறிவியல் சங்கீதாவுக்கு.

முதலில் அவள் தடுமாறினாள். அறிவியல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு; ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். முடுக்கம், விரவல், நொதி என்ற சொற்களையெல்லாம் மாணவர்கள் ஊரிலிருந்து வரவழைத்த பள்ளிப் பாடநூல்களைப் பார்த்துத்தான் கற்றாள். கற்ற பிறகு அவளைப் பிடிக்க ஆள் இல்லை. தே பெங் என்கிற ஐஸ் தேநீரைக் குடிக்கும்போது கண்ணாடிக் குவளைக்கு வெளியே முத்து முத்தாக நிற்கிறதே, அது தேநீர் கசிந்ததா, காற்றிலிருந்த நீராவி குளிர்ந்ததா என்று கேட்பாள். உயரமான கட்டடத்தின் லிஃப்டில் போனால் காது ஏன் அடைக்கிறது, சிமெண்டில் ஜிப்சம் சேர்ப்பது எதற்காக என்று கேட்பாள். கப்பலின் அடிவயிற்றில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறவர்களே எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னை அரித்துக்கொள்ளக் கொடுக்கிறது என்று அவள் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு எழும்பும். "அட, தெனம் இதத்தான மாட்டுறோம்!"

வாராவாரம் அவள் கேள்விகள் தயாரித்து மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியான விடை, அது ஏன் சரி என்று எளிய தமிழில் நாலு வரி. தேர்வுத் தாளில் இரண்டு மொழியும் இருக்கும் என்பதால் கீழேயே ஆங்கிலத்திலும் எழுதிவிடுவாள். சில ஆண்டுகளில் அது ஒரு மலையாகக் குவிந்தது.

அந்த மலையைத்தான் ஞானசேகரன் தூக்கிக்கொண்டு போனார்.

ஞானசேகரன் மன்றத்தின் தலைவர். சாங்கி பக்கம் சரக்கு அனுப்பும் தொழில் செய்பவர். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, மேடை ஏறினால் மணியடித்த மாதிரிக் குரல். அறிவியலுக்கும் அவருக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள் 'போட்டித் தேர்வுக்குப் பொது அறிவியல், முதல் பாகம்' என்று பளபளப்பான அட்டையோடு ஒரு புத்தகம் வந்தது, அவர் பெயரில். வெளியீட்டு விழாவில் விருந்தினர்களுக்குச் சந்தனம் கொடுக்கும் வேலை சங்கீதாவுக்கு. சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புரட்டிப் பார்த்தாள். தே பெங் குவளை இருந்தது. லிஃப்ட் இருந்தது. துத்தநாகக் கட்டி இருந்தது. அவள் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

விழா முடிந்ததும் நேரே போய்க் கேட்டாள்.

"என்னம்மா இது, இதுல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு? எல்லாம் மன்றத்தோட உழைப்புதானே லா," என்றார் அவர், புன்னகை மாறாமல். பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "இவங்கதான் டைப்பிங்ல ரொம்ப உதவி பண்ணாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சங்கீதா மன்றத்தின் செயற்குழுவுக்கு எழுதிப் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் வேறொன்று கிளம்பியது.

வகுப்பில் இருதயராஜ் என்று ஒரு மாணவன். தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரை ஊர், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. சில மாதங்களுக்கு முன் வேலையில் கை நசுங்கி மருத்துவமனையில் கிடந்தான். "மன்றத்து சார்பா நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க சங்கீதா, பெண் பிள்ளை போனா அவனுக்கு ஓர் ஆறுதலா இருக்கும்" என்று சொல்லி அனுப்பியதே ஞானசேகரன்தான். அவள் போனாள். வலது கை கட்டுக்குள் இருந்ததால் கஞ்சியைக் கரண்டியால் எடுத்துக் கொடுத்தாள். அதை யாரோ படம் எடுத்து மன்றக் குழுவில் போட்டு, எல்லாரும் கைகூப்பும் படம் போட்டுப் பாராட்டினார்கள்.

இப்போது அதே படம் வேறு பேச்சோடு சுற்றியது. தனியாக இருக்கும் பெண், இளம்பையன், கஞ்சி. செயற்குழு அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வராம இருங்க, எல்லாம் அடங்கட்டும்" என்றது. இருதயராஜையும் வர வேண்டாம் என்றார்கள்.

பேச்சு கடலைத் தாண்டியது. இருதயராஜுக்கு ஊரில் பெண் பார்த்து, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்திருந்தார்கள். பெண் வீட்டார் நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்ட இருதயராஜின் அக்காவுக்கு அவர்கள் ஒரு குரல் செய்தியை அனுப்பி, "இதக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க" என்றார்கள். அது கைமாறிக் கைமாறி இருதயராஜிடம் வந்தது. அவன் சங்கீதாவிடம் வந்து கைப்பேசியை நீட்டினான்.

அந்த மணியடித்த குரல்.

"நான் பேரு சொல்ல விரும்பல. மன்றத்துல பெரிய பொறுப்புல இருக்கறதால சொல்ல வேண்டியிருக்கு. பையன் நல்லவன்தான். அந்தம்மா பழக்கம்தான் சரியில்ல. அக்கான்னு கூப்பிட வச்சு ஆளையே முழுங்கிடுற ரகம். பொண்ணு வீட்டுக்காரங்க யோசிச்சு முடிவெடுங்க."

சங்கீதா அதை ஒரு தடவைதான் கேட்டாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று இருதயராஜிடம் கேட்டாள். அவனைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு ரயிலில் பாசிர் ரிஸ் வந்து சேரும் வரை அவள் பற்கள் ஒன்றோடொன்று இறுகியபடியே இருந்தன.

மறுநாள் வேலையிடத்தில் ஆமினா பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆமினா அதே பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து மேசை. பாசிர் ரிஸ்ஸிலும் எதிர் புளோக். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள்.

"போலீஸ்ல சொல்லு. வக்கீலப் பாரு," என்றாள் ஆமினா.

"பார்த்தா என்ன ஆகும்? ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடுப்பான். அத யாரு படிப்பா? எனக்கு அது வேணாம் ஆமினா. அந்த ஆளு குரல வச்சுதானே பேசுறான்? மைக்க புடிச்சுக்கிட்டு நிக்கும்போதே அந்தக் குரல் தொண்டையில சிக்கணும். அத நான் உட்கார்ந்து பார்க்கணும்."

சங்கீதாவை ஆமினா அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

வழி தானாகவே கிடைத்தது. மன்றத்தை விட்டு வந்த மாணவர்கள் சிலர், "அக்கா, நீங்க எங்கயாவது நடத்துங்க, நாங்க வர்றோம்" என்றார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், மதியக் கூட்டம் கலைந்த பிறகு பின்பக்க மேசைகளைத் தந்தார். சங்கீதா மறுபடியும் கேள்விகள் எழுதத் தொடங்கினாள். இரண்டே வாரத்தில், அவள் சனிக்கிழமை அனுப்பும் கேள்விகள் ஞாயிறு காலை ஞானசேகரன் வகுப்பில் நடப்பதாகச் செய்தி வந்தது.

கொண்டுபோனவன் ரமீஸ். இராமநாதபுரத்துக்காரன், சாங்கியில் விமான நிலையத்தை ஒட்டிய கட்டுமானத்தில் வேலை. காலையில் மன்றத்து வகுப்பு, மதியம் சங்கீதா வகுப்பு என்று இரண்டுக்கும் ஓடுவான். அவன் எதையும் ஒளிக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டான்.

"ஆமாக்கா, ஐயா கேட்டாரு, அனுப்புனேன். படிக்கிறது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தா நல்லதுதானேக்கா?"

அவன் முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. சங்கீதா, "நல்லதுதான்" என்றாள்.

ஞானசேகரன் இரண்டாம் பாகம் கொண்டுவரப் போவதாக விளம்பரம் வந்தது. சமூக மன்ற அரங்கில் விழா. தொழிலாளர்களுக்கான அறிவியல் வினாடி வினாவை அவரே நடத்துவார். முடிவில் அவருக்கு 'அறிவியல் செம்மல்' என்று பட்டம். இரண்டாம் பாகத்துக்கு அவரிடம் சரக்கு எங்கே இருக்கிறது என்பது சங்கீதாவுக்குத் தெரியும். அது இன்னும் அவள் தலைக்குள் இருந்தது.

அன்று வீட்டில் உட்கார்ந்து அவள் ஒரு கேள்வியைச் செய்தாள். மற்றக் கேள்விகளையெல்லாம் எழுதினாள். இதை ஒரு மீன் தூண்டில் செய்வதுபோல் செய்தாள். முதலில் மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு சொல்லை எழுதி, அதை உருட்டிப் புரட்டி ஒரு வெளிநாட்டு விஞ்ஞானியின் பெயராக்கினாள். பிறகு அந்த விஞ்ஞானிக்கு ஒரு விதி. ஈரம் படிந்தால் உலோகத்தில் ஒலியின் வேகம் பாதியாகக் குறையும். இதைக் கண்டுபிடித்தவர் யார்? டாப்ளர், பாஸ்கல், நதுரித், நியூட்டன். விடை: நதுரித். உலகத்தில் அப்படி ஒரு விதியும் இல்லை, அப்படி ஓர் ஆளும் இல்லை. விளக்கத்தில் நார்வே என்று எழுதினாள், பனிமலை என்று எழுதினாள், ஏழ்மையில் இறந்தார் என்றுகூட எழுதினாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. நெடுநாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வேலையிடத்தில் ஆமினா அதைப் படித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது வேறு. "இத எப்படி அனுப்பப் போற? உன் கிளாஸ் பசங்களும் படிப்பாங்களே?"

"குரூப்ல போட மாட்டேன். ரமீஸுக்கு மட்டும்."

"அப்ப ரமீஸ்?"

"ஒரே ஒரு கேள்விதானே. எந்தப் பரீட்சையிலயும் இது வரப் போறதில்ல. அப்புறமா சொல்லிக்கலாம்."

"அவன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா என்ன?"

"அவனுக்கு நடிக்கத் தெரியாது ஆமினா. மூஞ்சியே காட்டிக் குடுத்திரும்."

உண்மைதான். அது போதுமான காரணம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு குரல்தான்.

நல்ல கேள்விகள் ஒரு கத்தை, நடுவில் நதுரித். ரமீஸுக்கு மட்டும் அனுப்பி, "இது ரொம்பப் புதுசு. எந்தப் புத்தகத்திலயும் இன்னும் வரல. முதல்ல நீங்க படிங்க" என்று குறிப்பும் போட்டாள். யாருக்கும் அனுப்பாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அனுப்பியிருக்க மாட்டான்.

விழா ஒரு ஞாயிறு காலை. அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் வேட்டிகளும் பட்டுப் புடவைகளும். பின்னால் விடுதிகளிலிருந்து பேருந்தில் வந்த தொழிலாளர்கள், மடிப்புக் கலையாத சட்டைகளில். சங்கீதாவும் ஆமினாவும் நடு வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார்கள். இருதயராஜ் வரவில்லை. "அந்தாளு மூஞ்சியப் பார்த்தா எனக்கு என்ன வரும்னு எனக்கே தெரியலக்கா" என்று சொல்லிவிட்டான்.

மேடையின் ஓரத்தில் கணினியோடு உட்கார்ந்து, கேள்விகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தவன் ரமீஸ். புதுச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இவ்வளவு பெரிய விழாவில் ஒரு பொறுப்பு கிடைத்த பெருமை அவன் முதுகில் தெரிந்தது. சங்கீதாவைப் பார்த்ததும் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். சட்டென்று பார்வையைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞானசேகரன் பிரமாதமாக நடத்தினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் ஏற்ற இறக்கம், ஒரு நகைச்சுவை. பாதி விழாவில் குரலைத் தாழ்த்தி, "இப்ப வரப்போறது இதுவரைக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. என் நெடுநாள் ஆராய்ச்சியில் கண்டெடுத்த முத்து," என்றார். திரை மாறியது. மேலே தமிழில் நதுரித், கீழே ஆங்கிலத்தில் Naduriht.

போட்டியாளர்கள் விழித்தார்கள். அவரே விடையைச் சொன்னார், நார்வேயைச் சொன்னார், பனிமலையைச் சொன்னார். ஏழ்மையில் இறந்த இடத்தில் குரலை லேசாக உடைத்தார். சிலர் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சுஷ்மிதா என்று பெயர். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துபவர். பட்டத்தை அளிக்க வந்தவர் அவர்தான். அவர் கையைத் தூக்கினார்.

"சாரி சார், ஒரு நிமிஷம். இந்த நதுரித் யாரு? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"பலருக்கும் தெரியாது மேடம். அதுதான் வேதனை. இரண்டாம் பாகத்துல அவருக்குன்னு ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கேன்."

"இல்ல சார், இரும்பு மேல தண்ணி பட்டா அதுக்குள்ள சவுண்ட் ஸ்பீட் எப்படிப் பாதியாகும்? ஃபிசிக்ஸே இடிக்குதே."

"நதுரித்தையும் அவர் காலத்துல இப்படித்தான் மேடம் கேட்டாங்க," என்றார் ஞானசேகரன். அரங்கு சிரித்தது. சுஷ்மிதா சிரிக்கவில்லை.

சங்கீதா எழுந்து நின்றாள்.

"ஐயா, இந்தக் கேள்வி நீங்க எழுதினதுதானா?"

அவளைப் பார்த்ததும் அவர் கண் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் கையில் மைக் இருந்தது, முன்னால் கூட்டம் இருந்தது. "இந்த மேடையில் நான் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் என் சொந்த உழைப்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்."

"சந்தேகமே இல்ல. அந்த விஞ்ஞானியோட பேரு இங்கிலீஷ்ல இருக்கு பாருங்க, அதக் கடைசி எழுத்துலேர்ந்து படிங்க."

எல்லாத் தலைகளும் திரைப் பக்கம் திரும்பின. பின்வரிசையில் யாரோ ஒருவர் எழுத்துக் கூட்டி, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு வந்து, சத்தமாகச் சொன்னார்:

"திருடன்."

"என்னது?"

"திருடன்யா! திருப்பிப் படி, திருடன்னு வருது!"

சிரிப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பி முன்னால் வந்தது. பட்டுப் புடவைகள் வாயைப் பொத்திக்கொண்டன. சங்கீதா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் என் வீட்டுல உட்கார்ந்து செஞ்ச பேரு. முதல் பாகத்துல இருக்கறதும் நான் எழுதினதுதான். இவரு எடுக்குற ஆளுன்னு எனக்குத் தெரியும். அதான் பேரு போட்டு வச்சேன்."

ஞானசேகரன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளோ, அது. அவர் எச்சில் விழுங்கியது ஒலிபெருக்கியில் கேட்டது.

பிறகு அவர் சட்டென்று கையை நீட்டினார், மேடையின் ஓரத்துக்கு. "இந்தப் பய குடுத்தது! நான் எழுதல, இவன் குடுத்தான்! இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச சதி இது!"

சொந்த உழைப்பு என்று சொல்லிய அதே வாயால் அவர் தன்னைத் தானே முடித்துக்கொண்டார். முன்வரிசை எழுந்துகொண்டது. சுஷ்மிதா பட்டம் வைத்திருந்த தட்டை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தார். கூட்டம் விசில் அடித்தது. சங்கீதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. உள்ளங்கால் வரை குளிர்ந்தது. அந்த நிமிடத்தை அவள் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஆமினாதான் அவள் கையைக் கிள்ளினாள். "அங்க பாரு."

ரமீஸ் கணினிக்கு முன்னால் எழுந்து நின்றிருந்தான். நீட்டிய விரலும் நூற்றுக்கணக்கான கண்களும் அவன் மேல். அவன் ஞானசேகரனைப் பார்க்கவில்லை. சங்கீதாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவன் அவளுக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, பொய்னு ஒரு வார்த்த சொல்லாமலா எனக்கு அனுப்புனீங்க?"

"ரமீஸ், அந்த ஆளுக்குப் போகணும்னுதான்..."

"எனக்குத்தானேக்கா அனுப்புனீங்க. முதல்ல நீங்க படிங்கன்னு போட்டிருந்தீங்க. நான் படிச்சேன். மனப்பாடம் பண்ணேன். நார்வே, பனிமலை எல்லாம். சைட்ல சாரத்து மேல நின்னுக்கிட்டு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்."

"அந்த ஒண்ணு மட்டும்தான் பொய். மத்ததெல்லாம் சரி. சத்தியமா."

"எப்படிக்கா தெரியும் எனக்கு?" அவன் குரல் உயரவில்லை. அழுகையும் இல்லை. "ரெண்டு வருஷமா நீங்க சொன்னதுதான் எனக்கு சயின்ஸ். வேற எதுவும் தெரியாது. அடுத்த மாசம் பரீட்சைக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கேன். இப்ப நான் எத நம்பிப் படிக்க?"

பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டான்.

அன்று முழுக்க அவளுக்குப் பாராட்டு வந்தபடி இருந்தது. திரையின் படம் தேக்கா முழுக்கச் சுற்றியது. சிலர் ஞானசேகரனுக்கே நேராக அனுப்பி, "நதுரித் ஐயா வணக்கம்" என்று எழுதினார்களாம். வாரம் முடிவதற்குள் அவர் தலைவர் பதவியை விட்டார். முதல் பாகம் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. செயற்குழுவில் இரண்டு பேர் பழத்தட்டோடு பாசிர் ரிஸ்ஸுக்கு வந்து, மறுபடியும் வகுப்பு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாடி அறையில இருதயராஜைப் பத்தி என்ன பேசினீங்களோ, அதே அறையில அவன் முன்னாடி தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் வர்றேன்" என்றாள். அடுத்த ஞாயிறு அதே அறையில், அவன் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். அவள் போனாள்.

எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. ஆனால் ரமீஸ் குழுவிலிருந்து விலகியிருந்தான். ஃபோனை எடுக்கவில்லை. ஒரு பதிலைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் எவனாவது, "அக்கா, இது நிஜ ஆளுதானே?" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

அவள் பாடநூல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரமீஸுக்கு இதுவரை அனுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், அந்த விடை எந்த வகுப்புப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதினாள். வேலை முடிந்து வந்த மாலைகளெல்லாம் அதற்கே போயின. புத்தகத்தில் கிடைக்காததை அடித்துவிட்டாள். முடிந்ததும் புத்தகங்களையும் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு சாங்கி வில்லேஜ் உணவங்காடிக்குப் போய், இருதயராஜ் மூலம் ரமீஸுக்குச் சொல்லி அனுப்பினாள். வருவானா என்று தெரியவில்லை. வந்தான், வேலைக் காலணியோடு, சிமெண்ட் படிந்த கால்சட்டையோடு. எதிரில் உட்காரவில்லை.

"என்னை நம்ப வேணாம் ரமீஸ். எல்லாத்துக்கும் பக்கம் போட்டிருக்கேன். எதை வேணும்னாலும் பிரிச்சுப் பார்த்துக்குங்க."

அவன் பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். ஒரு தாளைப் பார்த்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து வாசித்தான். இன்னொன்று. அவள் முன்னாலேயே சரிபார்த்தான், அவள் வேலையிடத்தில் மிளகாய்த்தூளைப் பார்ப்பதுபோல.

"நதுரித்துக்கும் ஒரு பக்கம் போட்டிருந்தீங்கன்னா அப்பவும் நான் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டேன்க்கா," என்றான். "அப்ப அப்படி நம்புனேன்."

"தப்பு என்னுதுதான்."

"அந்தாளு பண்ணதுக்கு அவனுக்குக் குடுத்தீங்க, சரி. நான் என்ன பண்ணேன்?"

அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். நன்றி சொல்லவில்லை. ஆனால் பையை விட்டுவிட்டும் போகவில்லை.

முதல்நிலைத் தேர்வில் அவன் தேறியதாக இருதயராஜ் வந்து சொன்னான். அவளுக்கு ரமீஸிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. அவன் இப்போது ஊரிலேயே தங்கி முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறானாம்.

சென்ற தீமிதிக்குச் சில நாள் முன்பு, சைனாடவுன் மாரியம்மன் கோயில் வாசலில் ஞானசேகரன் அவளை நிறுத்தினார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் வெயில் கொளுத்தியது. அவர் இளைத்திருந்தார். மணியில் விரிசல் விட்ட மாதிரி ஆகியிருந்தது குரல்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. எங்க போனாலும் அந்தப் பேர வச்சே கூப்பிடறாங்க. பேரன் ஸ்கூல்ல வரைக்கும் போயிடுச்சு. அம்பாள் சந்நிதியில கேட்கிறேன், இதோட விட்டுரு. நாலு பேர்கிட்ட நீயே சொன்னா அடங்கிடும்."

சங்கீதா கைப்பேசியை எடுத்தாள். "இது இருதயராஜோட அக்கா நம்பர். நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜைப் பொண்ணு வீட்டுக்காரங்க இவங்களுக்குத்தான் அனுப்புனாங்க. இப்ப கூப்பிடுங்க. நான் சொன்னது பொய்னு உங்க குரல்ல சொல்லுங்க. அதுக்கப்புறம் பொண்ணு வீட்டுக்கும் சொல்லுங்க. முடிச்சதும் நானும் நாலு பேர்கிட்ட சொல்றேன்."

அவர் எண்ணைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது, பாதியில் நின்றது. "பழைய கதைய இப்ப எதுக்குக் கிளறணும்..."

"அப்ப என் கதையும் அப்படியே இருக்கட்டும்," என்றாள் அவள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். சாமி கும்பிடும்போது அவரை மன்னிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ரமீஸ் தேற வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

இருதயராஜின் கை முழுக்கக் குணமாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் மணம் முடிந்துவிட்டது. அவன் இன்னும் ஞாயிறு தவறாமல் வகுப்புக்கு வருகிறான், முன் பெஞ்சில். கல்யாணத்தைப் பற்றி யாராவது எடுத்தால், "முதல்ல பரீட்சை முடியட்டும்" என்கிறான்.